அக்கரைக்குக் கொடுத்த பிள்ளை

"கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லு மனே. நெத்தி மட்டும்தான் தெரியுது."

"அது நெத்தியில்ல அம்மா. தகரம். வீட்டுக் கூரை."

"ஆர்ர வீட்டுக் கூரை?"

மேர்லின் கைபேசியைத் தாய் அஞ்சலாவின் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். திரையில் கூரை நகர்ந்தது, பச்சை பூசிய கதவு வந்தது, கதவுக்கு முன்னால் லூர்து வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

லூர்து, அஞ்சலாவின் சம்பந்தி; மகன் அன்ரோவின் மாமியார். பிலிப்பைன்ஸ் நாட்டில் போஹோல் என்ற தீவில், முன்னால் கடலும் பின்னால் வயலுமாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. கிழமைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலையில், அவள் அழைப்பது வழக்கம். அஞ்சலா தலையை வாரிக்கொண்டு வந்து உட்காருவதும் வழக்கம். அவள் ஏதோ சொல்வாள், இவள் ஏதோ சொல்வாள், நடுவில் மேர்லின் தன் இங்கிலீசால் இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போடுவாள்.

"என்ன சொல்றா?"

"வீடு முடிஞ்சிற்றாம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சிற்றுப் போனாராம். அண்ணனும் மச்சாளும் எப்ப வாறாங்க எண்டு கேக்கிறா."

அஞ்சலாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, கழற்ற மறந்த கண்ணாடி போல. அந்தச் சிரிப்போடேயே லூர்துவுக்குக் கையை ஆட்டினாள். திரை இருண்ட பிறகுதான் அது இறங்கியது.

"வீடு கட்டச் சொல்லி நான் எப்ப புள்ள சொன்ன?"

"வீடு கட்டச் சொல்லல்ல. 'இனி அவன் உங்கட வீட்டுப் பிள்ளை, உங்கட வீட்டிலதான் இருப்பான்' எண்டு சொன்னீங்க. அண்ணனாக்கள் கட்டாரில இருந்து வந்த கையோட, முதல் முதல் கதைச்ச நாள். நான் அதை அப்பிடியே இங்கிலீசில சொன்ன."

"அது எல்லாரும் சொல்றதுதானே! மாப்பிள்ளைட தாய் அதைச் சொல்லாம இருப்பாளா?"

"இஞ்ச சொன்னாத் தாண்டவன்வெளிக்குப் போவான், வாழைச்சேனைக்குப் போவான். ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வந்திருவான். நீங்க போஹோலுக்குச் சொல்லிற்றீங்க அம்மா."

மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்குப் புகுந்த வீடு என்று ஒன்று கிடையாது. புகுகிறவன் மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு, வயலும் பெண்ணுக்கு. இந்த வீடும் பாஸ்காப் பெருநாள் கழிந்து கல்யாணம் முடிந்ததும் மேர்லினுக்கும் அவள் மாப்பிள்ளை தினுஷனுக்கும் போகப்போகிறது. போன கிழமை வீடு பார்க்க வந்த தினுஷனின் தாய், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டே, "அன்ரோவும் மருமகளும் எந்த அறையில இரிக்காங்க?" என்று கேட்டாளே, அதற்கே அஞ்சலா இன்னும் பதில் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் பதில் தகரக் கூரையோடு வந்து நின்றது.

"இப்ப என்ன செய்யிற?" என்றாள்.

"இப்ப சோத்த எடுத்திற்று வயலுக்குப் போங்க. அப்பாக்குப் பசிச்சாக் கத்துவார்."

---

அஞ்சலாவுக்கு வீடு எழுவான்கரையில், வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். இடையில் இருப்பது பாதை. இரும்புத் தட்டுக்கு மோட்டார் பூட்டிய மிதவைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். அன்றைக்கு அதில் பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவுமெசினும், நாலைந்து மோட்டார் சைக்கிளும், ஆரோ கொண்டுபோகும் ஒரு ஆடும் ஏறியிருந்தன.

அஞ்சலா நடுவில் நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து வாவியோடு இருக்கிறவள். ஆனாலும் கால் தரையில் இல்லாவிட்டால் அவளுக்கு மனம் ஒப்பாது.

"முனாப் தம்பி, மெல்லமா விடுங்க!"

"இதுக்கு மேல மெல்லமா விட்டாப் பின்னுக்குத்தான் போகும் அக்கா," என்றான் பாதையை ஓட்டுகிற முனாப்.

மருமகள் ரொவீனா சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"ஓரத்தில நிக்காத புள்ள."

"நான் நீந்துவன் மாமி."

"சோறு நீந்தாது."

ரொவீனா சிரித்துக்கொண்டு ஒரு அடி உள்ளே வந்தாள். கட்டாரில் ஒரே ஹோட்டல் குசினியில் அன்ரோவோடு வேலை செய்த காலத்தில் பிடித்த தமிழுக்கு, இந்த வீட்டுக்கு வந்த பிறகு காலும் கையும் முளைத்துவிட்டது.

"வீடு கட்டினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு நீ சொல்லல்லியே."

"நீங்கதானே மாமி சொன்ன. நீங்க சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லுறதா?"

ஆடு கத்தியது.

"உங்கட ஊரில இப்பிடிச் சொல்றதில்லியா?"

"இல்ல மாமி. சில பேர் பையன் வீட்டில, சில பேர் பொண்ணு வீட்டில, சில பேர் தனிய. ஆனா ஒரு அம்மாவும் 'என்ட மகனை எடுங்க' எண்டு சொல்ல மாட்டா. என்ட அம்மா அழுதவ. சந்தையில போய் மீன் விக்கிற ஆக்களுக்கும் சொன்னவ. கடலுக்கு அங்கால ஒரு அம்மா எனக்கு மகனைத் தந்திற்றா எண்டு."

கடலுக்கு அங்கால ஒரு அம்மா. தன்னை ஒருத்தி அப்படிச் சொல்லிக்கொண்டு சந்தையெல்லாம் திரிந்திருக்கிறாள் என்பது அஞ்சலாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

"நான் வேற நினைச்சேன் மாமி," என்றாள் ரொவீனா, தண்ணீரைப் பார்த்தபடியே.

"என்ன நினைச்சாய்?"

"மாமிக்கு என்னை அனுப்ப ஆசை. கோவமா சொல்லாம நல்ல மாதிரி சொல்லுறா எண்டு. ஆசையா மாமி?"

அந்த நேரம் பார்த்துப் பாதை கரை தட்டியது. முன்பலகை தடாரென்று விழுந்தது. லேண்ட்மாஸ்டர் புகை கக்கியது. "இறங்குங்க, இறங்குங்க" என்றான் முனாப். கேள்வி நடு வாவியிலேயே நின்றுவிட்டது.

---

வயல் வட்டையில் நெல் வெட்டுமெசின் ஓடிக்கொண்டிருந்தது. விளைந்த வயல் ஒரு பக்கத்தால் மழித்த தலை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. அன்ரோ மெசினுக்குப் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு தூசிக்குள் நின்றான். அவன் தகப்பன் யோசேப்பு வாடிக் குடிலின் நிழலில் குந்தியிருந்து, எல்லாவற்றையும் தானே ஓட்டுவது போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்க. அங்க வீடு கட்டி முடிச்சிற்றாங்களாம்."

"கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்ன?"

"அன்ரோ. போன கிழமையே சொன்னான்."

"எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல!"

"நீ குடுத்த சொல்லுக்கு உனக்கிட்ட ஆர் வந்து சொல்ற?"

"இதைத்தான் அவளும் சொன்னாள். மாமாவும் மருமகளும் கதைச்சு வச்சிரிக்கீங்களா?"

யோசேப்பு கூடையைத் திறந்து மூடியை மோந்து பார்த்தார். "வினாகிரி மீன்?"

"ஓம், உங்கட செல்ல மருமகள் செஞ்சது. கதைய மாத்தாதீங்க."

"மாத்தல்ல. நானும் சொறிக்கல்முனையில இருந்து உன்ட வீட்டுக்கு வந்தவன்தானே? பஸ் ஏத்தி விடக்க என்ட அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'அந்த வீட்டில ரெண்டாந்தரம் சோறு கேக்காத மகன்' எண்டா. இண்டைக்கு வரைக்கும் கேட்டிரிக்கனா?"

"கேக்க முந்திப் போட்டிர்றன். மறுகா எப்பிடிக் கேக்கிற?"

"அதான் சொல்றன். போற இடத்தில போட்டாப் பிள்ளை இருந்திருவான்."

"உங்கட அம்மா ஒரு ஆத்தத்தான் கடந்து தந்தவ. நான் கடலையே கடந்து குடுத்திற்றன்."

"அப்ப இல்ல எண்டு சொல்லு. வாயால சொன்னது, வாயால எடுக்கலாம்."

"வீட்டக் கட்டி, ஃபாதரையும் கூப்பிட்ட பொம்பிளைக்கிட்டயா?"

"அப்ப போகட்டும்."

"போனா இந்த வட்டையில ஆர் நிக்கிற?"

யோசேப்பு மெசின் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த வட்டையும் மேர்லினுக்குத்தான் அஞ்சலா. அங்க பாரு, எப்பிடி நிக்கிறான் எண்டு. மச்சான்ட வயலுக்கு அவன் எத்தின வருசம் வரம்பு கட்டுவான்?"

அஞ்சலா பார்த்தாள். கண் இமையெல்லாம் உமி ஒட்ட, நிரம்பிய சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு மகன் வரம்பால் போனான். இந்த வயலில் அவன் பேரில் ஒரு நாற்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய அண்ணன்மாருக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் போன வீடுகளில் அவர்களுக்கு வயல் இருந்தது.

"யோசேப்பு அண்ணே!" மெசினை நிறுத்திவிட்டு ஏறாவூர் ஹலீம் மேலிருந்து கூப்பிட்டான். "அந்தப் பள்ளத்து மூலைக்குள்ள நான் இறக்க மாட்டன். சேறு. இறக்கினா இந்த மெசினத் தூக்க இன்னொரு மெசின் வேணும்."

"அது ஒவ்வொரு வருசமும் கையாலதான்டாப்பா. நீ மற்றப் பக்கம் போ."

---

பள்ளத்து மூலையில் முதலில் இறங்கியவள் ரொவீனா. காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாடியில் செருகியிருந்த தாக்கத்தி அரிவாளை எடுத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் இறங்கினாள். அஞ்சலா இன்னொரு தாக்கத்தியோடு பின்னால் இறங்கினாள். இரண்டு பேரும் குனிந்து அறுத்துக்கொண்டு போனார்கள். சரக், சரக் என்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் ஒன்றாகிவிட்டது.

"கதிரை வரம்புப் பக்கமா வை புள்ள. இப்பிடி வச்சா நனைஞ்சிரும்."

"எங்கட ஊரில இப்பிடித்தான் மாமி."

"உங்கட ஊர் மீனுக்கு வினாகிரி ஊத்திற ஊர்."

"மாமா ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுறார்."

"அவர் கல்லைப் பொரிச்சு வச்சாலும் ரெண்டு தரம் சாப்பிடுவார்."

ரொவீனா சிரித்தாள். ஆனாலும் அடுத்த பிடியைக் கதிர் வரம்புப் பக்கமாகவே வைத்தாள்.

"உன்ட அம்மாட வயலும் பள்ளமா?"

"இதவிடப் பள்ளம். கடல் பக்கத்தில. காத்துக் கூடினா உப்புத் தண்ணி வந்திரும். அறுத்து றோட்டிலதான் காயப் போடுவம். பஸ் நெல்லுக்கு மேலால போகும்."

"இஞ்ச மட்டும் என்ன? போய் மெயின் றோட்டப் பார். பாதி றோட்டு நெல்லு."

"ஓம். வந்த முதல் நாள் பார்த்தன். பார்த்து அழுதன். அன்ரோ, ஏன் அழுறாய், தலையிடியா எண்டு கேட்டார்."

"அவங்களுக்கு வேற என்ன தெரியும்." அஞ்சலா ஒரு பிடி அறுத்தாள். "அறுக்க அம்மாக்கு ஆர் உதவி?"

"ஆக்கள் வருவாங்க. வீட்டில அம்மா மட்டும்தான். நாங்க நாலு பொம்பிளப் பிள்ளை. நாலு பேரும் நாலு நாட்டில."

நாலு பெண் பெற்றவள். மட்டக்களப்பில் என்றால் நாலு மாப்பிள்ளை வந்து ஏறி வீடு கொள்ளாமல் போயிருக்கும். அங்கே அவள் ஒருத்தியாக நின்று கூரை போட்டிருக்கிறாள். அஞ்சலா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதையில ஒண்டு கேட்டாய்."

ரொவீனாவின் கை நின்றது.

"எங்கட வழக்கத்தில மருமகள் மாமி வீட்டில இருக்கிறதே இல்ல புள்ள. நான் என்ட மாமியோட ஒரு நாளும் அடுப்படியில நிண்டதில்ல. பெருநாளுக்குப் போவன், பலகாரம் திம்பன், வந்திருவன். மருமகளோட எப்பிடி இருக்கிற எண்டு எனக்கு ஆரும் காட்டித் தரல்ல. சில நேரம் மூஞ்சிய நீட்டியிருப்பன்."

"கன நேரம் மாமி."

"சரி, கன நேரம். அனுப்ப ஆசையெண்டா உன்ட வினாகிரிப் போத்தல எப்பவோ ஆத்தில எறிஞ்சிருப்பன். போன கிழமை முடிஞ்சு போச்செண்டு புதுப் போத்தல் வாங்கி வச்சது ஆரு?"

"நீங்களா? நான் மேர்லின் எண்டு நினைச்சேன்."

"அவளுக்கு அந்த மணமே ஆகாது."

ரொவீனா குனிந்துகொண்டாள். அறுக்கத்தான் குனிந்தாள், ஆனால் கொஞ்ச நேரம் ஒன்றும் அறுபடவில்லை. அஞ்சலா அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது.

"போனை எடு. உன்ட அம்மாவக் கூப்பிடு."

"இப்பவா? சேத்துக்குள்ள நிண்டா?"

"வாடிக்கிட்ட வா. அங்கதான் சிக்னல்."

---

லூர்து ஆறிய சோற்றுத் தட்டோடு திரையில் வந்தாள். சேறும் சுணையுமாக நின்ற இரண்டு பேரையும் கண்டதும் கதிரைக் காட்டச் சொன்னாள். அஞ்சலா ஒரு பிடியைத் தூக்கிக் காட்டினாள். லூர்து பெருவிரலை உயர்த்தினாள்.

"நான் சொல்றத அப்பிடியே சொல்லு ரொவீனா. சம்பந்தி, வீடு வடிவா இரிக்கி. நான் சொன்ன சொல்லுச் சொல்லுத்தான். மாத்த மாட்டன்."

ரொவீனா சொன்னாள். வாடிக்குள் யோசேப்பு கழுவிய கையைத் துடைக்காமல் நிமிர்ந்தார்.

"ஆனா எங்கட வழக்கத்தில நான் பாதியத்தான் சொன்ன. மற்றப் பாதிய மறந்திற்றன். மாப்பிள்ளை தன்ட பாட்டில போய்ப் பொம்பிள வீட்டில ஏற மாட்டான். தாய்தான் கூட்டிற்றுப் போய் விடுற. தாய் வராம அவன் படி மிதிக்கப் படாது."

"அப்ப மாமி எப்ப வருவீங்க?" என்று ரொவீனாவே கேட்டாள்.

"அதைக் கேட்டா, எனக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப எண்டு சொல்லு."

பாதையில் ஏறினாலே கம்பியை விடாதவள். கொழும்புக்கு ஒரு தடவை ரயிலில் போய்விட்டு வந்து மூன்று நாள் படுத்திருந்தவள். ஆகாயக் கப்பலில் ஏறுவதென்றால் இந்தப் பிறப்பில் நடக்கிற காரியமா? கொடுத்த சொல்லும் கெடவில்லை, பிள்ளையும் போகவில்லை.

லூர்து சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்.

"என்னவாம்?"

"அம்மா சொல்றா, மிச்சம் நல்ல வழக்கமாம்."

"ம்."

"தூரப் பயணம், வழி தெரியாம மாமி தனிய வரப் படாதாம்."

"அதான் நானும் சொல்றன்."

"அதனால அம்மாவே இஞ்ச வந்து மாமியையும் எங்களையும் கூட்டிற்றுப் போறாவாம். மேர்லின்ட கல்யாணத்துக்கு வாறா."

முதலில் சிரித்தவர் யோசேப்புத்தான். சிரிப்பு இருமலாகி, ஹலீம் மெசினை நிறுத்திவிட்டு என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனது.

"என்னத்துக்கு இப்ப சிரிப்பு?"

"மாப்பிள்ளைய அழைக்கப் பொம்பிள வீட்டார்தானே வாற? அதுவும் வழக்கம்தான் அஞ்சலா. பாதிய நீ சொன்னாய், பாக்கிய அவ பிடிச்சிற்றா."

"சம்பந்தி வாறாவெண்டா எந்த அறையில படுக்கப் போட?" அஞ்சலா திகைப்பிலிருந்து நேரே வீட்டு வேலைக்குள் போய்விட்டாள். "பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடுது. இஞ்சேருங்க, உங்களுக்குத்தான் சொல்றன்."

"என்ன பகிடி?" என்று கேட்டுக்கொண்டு அன்ரோ வந்தான். கடைசிச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, மண்முட்டியிலிருந்த தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஒருத்தர் குடுத்திற்றீங்க. ஒருத்தர் எடுத்திற்றா. கொண்டுபோய் விடுறதுக்கும் ஆள் வருது," என்றான். "எனக்கிட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கல்ல."

ரொவீனாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையைக் கேட்கும் வழக்கம் அந்தக் கரையிலும் இல்லை, இந்தக் கரையிலும் இல்லை.

---

திரும்பி வரும்போது வெயில் தணிந்துவிட்டது. வாவி மடித்து வைத்த துணி போலக் கிடந்தது. நாளைப் பூசைக்குக் கோயிலில் வைக்கக் கட்டிய முதல் கதிர்ப்பிடி ரொவீனாவின் மடியில் இருந்தது. அன்ரோ நெல்லேற்றிய லேண்ட்மாஸ்டரில் சாய்ந்து நின்றான். யோசேப்பு சாக்குகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதை கரையை விட்டு விலகியது. அஞ்சலா நடுவில் கம்பியைப் பிடித்து நின்றாள். பிறகு ஒரு கையை விட்டாள், மறு கையையும் விட்டாள். ஆடுகிற தட்டில் அடி அடியாக வைத்து மகனிடம் போனாள்.

"கேக்கல்ல எண்டாய்தானே. இப்ப கேக்கிறன் மனே. நான் குடுத்த சொல்ல விடு, அவவுட வீட்ட விடு. நீ எங்க இரிக்கப் போறாய்?"

அன்ரோ தாயைப் பார்த்தான். ரொவீனாவைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த கதிரைப் பார்த்தான். அவன் முகத்தில் பதில் இருந்தது. அது எந்தப் பக்கத்துப் பதில் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"இறங்கக்க சொல்றன் அம்மா. இதுக்குள்ள சொன்னா நீங்க விழுந்திருவீங்க."

"நல்லது கேட்டா விழ மாட்டன்."

"நல்லதுக்கும் விழுவீங்க. கரைக்கு வாங்க."

எழுவான்கரைத் தென்னைகள் இன்னும் கோடாகத்தான் தெரிந்தன. மோட்டார் தன் பாட்டில் டுக்கு டுக்கு என்றது. அஞ்சலா கரையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மறுபடியும் கரையைப் பார்த்தாள்.

"முனாப் தம்பி," என்று கத்தினாள், "கொஞ்சம் கெதியா விடுங்க!"

முனாப் சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.